சிலுவையும் கிறிஸ்தவ நம்பிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களின் வேதபாட வகுப்புகளிலும், துக்க வீடுகளிலும், பிற சமய நண்பர்களோடு நிகழும் உரையாடல்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. வசனங்கள் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாருக்கும் பொதுவான போதனையையே முதன்மையாகச் சொல்லியிருக்கிறேன். கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

கிறிஸ்தவர்கள் சொல்லும் நம்பிக்கை என்பது எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற மனத்தெம்பா?

மனத்தெம்பு நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் சூழ்நிலையைப் பார்த்துப் பிறப்பது. மருத்துவ அறிக்கை சாதகமாக வந்தால் கூடும், பாதகமாக வந்தால் குறையும். கிறிஸ்தவ நம்பிக்கை, ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு நிகழ்வைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்துவின் காலத்தில், ஒரு பஸ்கா பண்டிகையின்போது, எருசலேம் நகர வாசலுக்கு வெளியே சிலுவையில் அறைந்து கொல்லப்பட்ட நாசரேத்து இயேசுவைக் கடவுள் மரித்தோரிலிருந்து எழுப்பினார் என்பதே அந்த நிகழ்வு. அவருக்கு நேர்ந்தது அவரோடு இணைக்கப்பட்டவர்களுக்கும், இறுதியில் படைப்பு முழுவதற்கும் நேரும் என்று காத்திருப்பதைத்தான் திருச்சபை நம்பிக்கை என்கிறது.

"காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல, ஒருவன் தான் காண்கிறதை நம்பவேண்டுவதென்ன?" என்று பவுல் ரோமருக்கு எழுதினார் (8:24). கண்முன் உள்ள அறிகுறிகள் அனைத்தும் எதிராக இருக்கும்போதும் இந்த நம்பிக்கை நிலைத்திருக்க முடிவதற்குக் காரணம், அது தோன்றிய இடமே எல்லா அறிகுறிகளும் எதிராக இருந்த இடம் என்பதுதான்.

ரோமர் காலத்தில் சிலுவை என்றால் மக்களுக்கு என்ன தோன்றியிருக்கும்?

அச்சமும் அருவருப்பும் மட்டுமே தோன்றியிருக்கும். அடிமைகளையும் கலகக்காரர்களையும் ரோமப் பேரரசு தண்டித்த முறை அது. ரோமக் குடியுரிமை பெற்றவர்களுக்குப் பொதுவாக அந்தத் தண்டனை விதிக்கப்படுவதில்லை. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், கப்புவாவிலிருந்து ரோமாபுரி வரை நெடுஞ்சாலையின் ஓரத்தில் 6,000 பேர் சிலுவையில் தொங்கவிடப்பட்டார்கள். ஏரோது மன்னன் இறந்ததை ஒட்டி யூதர்கள் கலகம் செய்தபோது, சீரியாவின் ஆளுநராக இருந்த வாருஸ் ஏறத்தாழ 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தார் என்று வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பதிவு செய்திருக்கிறார். இயேசு அப்போது சிறு குழந்தை. ஆகவே அவர் வளர்ந்த நாட்டில், சிலுவை என்பது பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசும் அண்மைக்கால நினைவாக இருந்திருக்கும்.

அந்தத் தண்டனையின் நோக்கம் கொல்வதோடு முடியவில்லை. குற்றவாளியின் மானத்தையும் பெயரையும் சேர்த்தே அழிப்பது அதன் நோக்கம். ஆடை களையப்பட்டு, வழிப்போக்கர்களின் ஏளனத்துக்கு நடுவே, பல மணி நேரமோ பல நாட்களோ அவன் தொங்குவான். பெரும்பாலும் அடக்கம்கூடக் கிடைக்காது. 1968-இல் எருசலேமின் கிவ்அத் ஹமிவ்தார் பகுதியில் ஒரு கல்லறைக்குள் கிடைத்த எலும்புப் பெட்டியில், இரும்பு ஆணி இன்னும் பாய்ந்திருக்கும் குதிகால் எலும்பு ஒன்று காணப்பட்டது. பெட்டியின் மேல் யெகோகனான் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணிறந்தோர் அவ்வாறு கொல்லப்பட்ட நாட்டில் இத்தகைய சான்றுகள் மிக அரிதாகவே கிடைப்பது, அவர்களில் பெரும்பாலோர் எந்த நிலையில் விடப்பட்டார்கள் என்பதை உணர்த்துகிறது.

யூதர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. மரத்திலே தூக்கிப்போடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் (21:23) கூறுகிறது. கடவுள் வாக்களித்த மீட்பரான மேசியா அப்படி இறந்தார் என்று சொல்வது அவர்களுக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுல் எழுதியதில் (1 கொரிந்தியர் 1:23) மிகை எதுவும் இல்லை. ரோமாபுரியின் பாலத்தீன் குன்றில், பழைய சுவர் ஒன்றில் கீறப்பட்ட கேலிச்சித்திரம் 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. சிலுவையில் கழுதைத் தலையோடு தொங்கும் ஓர் உருவமும், அதை நோக்கிக் கையுயர்த்தி நிற்கும் ஒருவனும் அதில் இருக்கிறார்கள். கீழே "அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. அந்த அலெக்ஸாமெனோஸ் யாரென்று தெரியாவிட்டாலும், அவன் எதற்காகப் பரிகசிக்கப்பட்டான் என்பது தெளிவாகத் தெரிகிறது.

அப்படியானால் சீடர்களின் நம்பிக்கை சிலுவையோடு முடிந்துபோகவில்லையா?

முடிந்துதான் போயிற்று. சுவிசேஷங்கள் இதை மறைக்கவில்லை. எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீடர்கள், வழியில் தங்களோடு சேர்ந்துகொண்டவர் இயேசு என்று அறியாமலே, "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்று சொன்னார்கள் (லூக்கா 24:21). ரோமரை விரட்டிவிட்டு அரியணை ஏறும் அரசரை எதிர்பார்த்த அவர்களுக்கு, சிலுவை அந்த எதிர்பார்ப்புக்கு விழுந்த மரண அடி. பேதுரு மறுதலித்திருந்தார், மற்றவர்கள் ஓடிப்போயிருந்தார்கள், கடைசிவரை நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இதைக் கவனிக்காமல் விட்டால் ஈஸ்டர் நற்செய்தி மலிவாகிவிடும் என்பது என் கருத்து. உயிர்த்தெழுந்தவர் அவர்களுடைய பழைய எதிர்பார்ப்பை மீட்டுக் கொடுக்கவில்லை. வழிநெடுக வேதவாக்கியங்களை விளக்கி, மேசியா பாடுபடவே வேண்டியிருந்தது என்று காட்டினார். அவர்களுக்குப் பிறகு கிடைத்த நம்பிக்கை வேறொரு நம்பிக்கை. தோல்வியைச் சந்தித்திராத நம்பிக்கையிடம் இல்லாத உறுதி அதற்கு இருந்தது.

உயிர்த்தெழுதல்தானே நம்பிக்கைக்கு ஆதாரம்? சிலுவையை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்?

கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுலே சொல்கிறார் (1 கொரிந்தியர் 15:14). உயிர்த்தெழுதல் இல்லாவிட்டால் சிலுவை, நேர்மையான ஒருவர் அநியாயமாகக் கொல்லப்பட்ட இன்னொரு செய்தியாக நின்றுவிடும். அத்தகைய செய்திகளுக்கு உலகில் என்றுமே பஞ்சமில்லை.

ஆனால் எழுந்தவர் யார் என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியமானது. பேரரசன் ஒருவன் அரண்மனையில் இறந்து உயிரோடு எழுந்தான் என்று வைத்துக்கொள்வோம். அது வியப்பாக இருக்கும், நசுக்கப்பட்டவர்களுக்கு அதில் நற்செய்தி எதுவும் இருக்காது. கடவுள் எழுப்பியது, நீதிமன்றத்தாலும் மதத் தலைவர்களாலும் கூட்டத்தாலும் தள்ளப்பட்டு, அடிமையைப் போல இறந்த ஒருவரை. அதனால்தான் உயிர்த்தெழுதல், தள்ளப்பட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் கடவுள் வழங்கிய தீர்ப்பாகிறது.

உயிர்த்தெழுந்தவரின் உடலில் காயங்கள் மறையவில்லை என்பதையும் யோவான் கவனமாகப் பதிவு செய்கிறார். தோமா பார்க்க விரும்பியது ஆணிகளினால் உண்டான காயத்தை. இயேசு அதைக் காட்டினார். வெளிப்படுத்தின விசேஷத்தில் சிங்காசனத்தின் நடுவே நிற்பது அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற ஆட்டுக்குட்டி (5:6). பரலோக மகிமையும் அந்தத் தழும்புகளை அழிக்கவில்லை. பட்ட துன்பம் ஒன்றுமே இல்லாததுபோல் துடைத்துவிடப்படும் என்று கிறிஸ்தவ நம்பிக்கை சொல்லவில்லை. அது ஏற்கப்பட்டு, குணமாக்கப்பட்டு, மகிமைக்குள் எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது. பிள்ளையை இழந்த தாயிடம் "மறந்துவிடு" என்று சொல்லாத ஒரே ஆறுதல் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

"என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு கதறியது நம்பிக்கை இழந்ததைக் காட்டவில்லையா?

பெரிய வெள்ளிக்கிழமை அன்று, இயேசு சிலுவையிலிருந்து பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையில், நான்காவது வார்த்தைக்கு வரும்போது பிரசங்கிக்கிறவர்கள் தடுமாறுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். தடுமாறத்தான் வேண்டும். மாற்கு இந்தக் கதறலை அராமைய ஒலியிலேயே, "எலோயீ! எலோயீ! லாமா சபக்தானி" என்று காத்து வைத்திருக்கிறார் (15:34). மாற்கு சுவிசேஷத்தில் இயேசு சிலுவையிலிருந்து பேசும் வார்த்தை இது ஒன்றே.

இது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்தச் சங்கீதம் புலம்பலில் தொடங்கி, கடவுள் உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அற்பமாயெண்ணாமல் அவன் கூப்பிடுகையில் கேட்டார் என்று துதியில் முடிகிறது. ஆகவே இயேசு முழுச் சங்கீதத்தையும் மனத்தில் கொண்டே ஜெபித்தார், இது உண்மையில் வெற்றிக் குரல் என்று சிலர் விளக்குவார்கள். அதில் பாதி சரி. ஆனால் அந்த விளக்கத்தைச் சற்று அவசரமாகச் சொன்னால், கதறலின் வலியை நாமே அடைத்துவிடுகிறோம். அவர் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கவில்லை, இறந்துகொண்டிருந்தார். தாம் பிதா என்று அழைத்தவரின் மௌனத்தை முழு எடையோடு அனுபவித்தார். அந்த மௌனத்துக்குள் இருந்தும் "என் தேவனே" என்றே கூப்பிட்டார். கைவிடப்பட்டதாக உணர்கிறவர் கைவிட்டதாகத் தோன்றுகிறவரிடமே முறையிடுகிறார் என்றால், அங்கே நம்பிக்கை சாகவில்லை. தனக்கு மிச்சமிருக்கும் கடைசி மூச்சை அது எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் (1926–2024) இந்தக் கதறலிலிருந்தே விசுவாசத்துக்கு வந்தவர். 1943-இல் ஹாம்பர்க் நகரின் மேல் குண்டுமழை பொழிந்தபோது பதினேழு வயதான அவருடைய பக்கத்தில் நின்ற நண்பன் இறந்துபோனான். பின்னர் போர்க்கைதியாக ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது, படைக் குருவானவர் ஒருவர் கொடுத்த வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷத்தைப் படித்து, இந்த வரியை எட்டியபோது, தன்னைப் புரிந்துகொள்கிற ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். குமாரன் படும் பாட்டில் பிதாவும் வேதனையை ஏற்கிறார் என்ற அவருடைய போதனையை எல்லாச் சபைகளும் ஏற்கவில்லை. கடவுள் தம் தெய்வ சுபாவத்தில் துன்பத்துக்கு உட்படாதவர், குமாரன் தாம் ஏற்ற மனித சுபாவத்திலேயே பாடுபட்டார் என்பதே பழைய மரபு. அந்த விவாதம் எப்படி இருந்தாலும், மனிதர் விழக்கூடிய எந்த இருளும் கிறிஸ்து இறங்கியிராத இருள் அல்ல என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

ஒருவரின் மரணம் மற்றவர்களின் பாவத்துக்கு எப்படி மன்னிப்பாகும்? கோபம் கொண்ட தந்தை குற்றமற்ற மகனைத் தண்டித்தார் என்பது நியாயமா?

அப்படிச் சொன்னால் நியாயம் இல்லைதான். ஆனால் புதிய ஏற்பாடு அப்படிச் சொல்லவில்லை. கடவுள் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 5:19). சிலுவையில் நிகழ்ந்தது ஒருவர் இன்னொருவரைத் தண்டித்த செயல் அன்று. மனிதரின் பகையையும் அதன் விளைவையும் கடவுளே தம்மேல் ஏற்றுக்கொண்ட செயல் அது.

அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குத் திருச்சபையின் பொதுச்சங்கங்கள் ஒற்றை விளக்கத்தை வரையறுக்கவில்லை. 2-ஆம் நூற்றாண்டின் ஐரேனியு முதலானோர் அதைச் சாத்தானின் மீதும் மரணத்தின் மீதும் கிடைத்த வெற்றியாகக் கண்டார்கள். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்சலேம், மனிதர் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய கனத்தைக் கிறிஸ்து ஈடுசெய்ததாக விளக்கினார். அவருக்கு அடுத்த தலைமுறையில் அபேலார்ட், நம் உள்ளத்தை உருக்கித் திருப்பும் அன்பின் வெளிப்பாடாக அதைக் கருதினார். நாம் அடையவேண்டிய தண்டனையை அவர் நமக்குப் பதிலாக ஏற்றார் என்பதைச் சீர்திருத்தவாதிகள் முன்னிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் வேதத்தில் ஆதாரம் உண்டு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுகிறவர்கள் சிலுவையைச் சிறிதாக்குகிறார்கள்.

நம்பிக்கையைப் பொறுத்தவரை இதன் பயன் நேரடியானது. கடந்த காலம் திறந்த கணக்காக நம்மைத் துரத்திக்கொண்டிருந்தால், எதிர்காலத்தை அச்சமின்றி நோக்க முடியாது. நமக்கு எதிரான கையெழுத்து, அதாவது கடன்பத்திரம், சிலுவையின்மேல் ஆணியடிக்கப்பட்டது என்று கொலோசெயர் நிருபம் (2:14) சொல்வது இதைத்தான்.

வாழ்நாள் முழுவதையும் வீணாக்கிவிட்டவருக்கும் நம்பிக்கை உண்டா?

உண்டு. இயேசுவோடு அறையப்பட்ட குற்றவாளிகளில் ஒருவனுக்குத் திருந்தி வாழ நேரமே இருக்கவில்லை. அவன் கேட்டதெல்லாம் தன்னை நினைத்தருளும் என்பதே. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற பதில் (லூக்கா 23:43) அவனுக்குக் கிடைத்தது. கடைசி நேரம்வரை தள்ளிப்போடலாம் என்று இதை வாசிக்கிறவர்கள், அவனுக்கு இருந்த ஒரே நேரம் அதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

"இது உன் சிலுவை, சுமந்துதான் ஆக வேண்டும்" என்று துன்பப்படுகிறவர்களிடம் சொல்வது சரியா?

பல சமயங்களில் அது தவறு; சில சமயங்களில் கொடுமை. கணவனிடம் அடிவாங்கிக்கொண்டு வரும் பெண்ணிடம், ஊரும் உறவும் சபைப் பெரியவர்களும் இந்த வார்த்தைகளைச் சொல்லித் திருப்பி அனுப்புவது நம்மிடையே நடந்துகொண்டிருக்கிறது. இதை இயேசுவின் பெயரால் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

"தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்" (லூக்கா 9:23) என்ற அழைப்பைக் கவனமாக வாசிக்க வேண்டும். சீடன் தானே எடுத்துக்கொள்ளும் சிலுவை அது, அவனைப் பின்பற்றும்படி அழைத்தவருக்காக. இன்னொருவர் தம் வசதிக்காக ஒருவர் தோளில் ஏற்றிவைக்கும் சுமையைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை. இயேசுவே எல்லா வன்முறைக்கும் உடன்பட்டு நின்றவர் அல்லர். நாசரேத்து ஊரார் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது அவர்கள் நடுவே கடந்துபோனார். எருசலேம் தேவாலயத்தில் கல்லெறிய முயன்றபோது மறைந்து வெளியேறினார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சீடர்களுக்குக் கட்டளையிட்டார் (மத்தேயு 10:23). பவுல் வாரினால் அடிக்கப்படவிருந்த வேளையில் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். பின்னர் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். சட்டம் தரும் பாதுகாப்பை நாடுவது விசுவாசக் குறைவு என்றால் அப்போஸ்தலனும் குறைவுபட்டவரே. இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 முதல் இருக்கிறது; அதை நாடும் பெண்ணுக்குத் துணையாகப் போவது சபையின் கடமை.

மாற்ற முடியாத நோயையும், உண்மையைச் சொன்னதால் வரும் இழப்பையும், பிறருக்காக ஏற்கும் பாரத்தையும் சிலுவை என்று சொல்வது பொருந்தும். அப்போதும் அதைச் சொல்ல வேண்டியவர் சுமக்கிறவரே; பார்த்துக்கொண்டு நிற்கிறவர் சொல்லக்கூடாது.

சிலுவை சமூகப் பிரிவினைகளைப் பற்றி எதுவும் சொல்கிறதா, அல்லது அது தனிமனித இரட்சிப்புக்கு மட்டுமா?

யூதருக்கும் புறஜாதியாருக்கும் இடையே பகையாக நின்ற "பிரிவினையாகிய நடுச்சுவரை" கிறிஸ்து தகர்த்தார், இரு திறத்தாரையும் சிலுவையினால் ஒரே சரீரமாகக் கடவுளோடு ஒப்புரவாக்கினார் என்று எபேசியர் நிருபம் (2:14–16) போதிக்கிறது. சுவர் தகர்வது அங்கே இரட்சிப்பின் பக்கவிளைவாகச் சொல்லப்படவில்லை, அதன் உள்ளடக்கமாகவே சொல்லப்படுகிறது.

அந்த வசனத்தை ஞாயிறுதோறும் வாசிக்கும் தமிழகத்தில், சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. இரு பக்கத்துக் கல்லறைகளின் மேலும் ஒரே சிலுவைதான் நடப்பட்டிருக்கிறது. உயிர்த்தெழுதலை நம்பி அடக்கம் செய்கிறவர்கள், கடைசி எக்காளம் தொனிக்கும்போது தங்கள் அயலாராக எழுந்து நிற்கப்போகிறவர் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சுவர்களை வைத்துக்கொண்டு நாம் சிலுவையைப் பற்றிப் பிற சமயத்தாரிடம் பேசினால், அவர்கள் கேட்க மறுப்பதில் வியப்பில்லை. பிரித்த இடத்தை மீண்டும் ஒன்றாக்கக் கேட்டுப் போராடும் தலித் கிறிஸ்தவர்கள் சபையைக் குலைக்கிறவர்கள் அல்லர். எபேசியர் நிருபத்தை அதன் சொற்படியே எடுத்துக்கொள்கிறவர்கள்.

உண்மையாக விசுவாசித்தால் நோயும் கடனும் நீங்கும் என்கிறார்களே?

கைதுசெய்யப்பட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று ஜெபித்தார், அது எடுக்கப்படவில்லை. தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:9). இவ்விருவரின் விசுவாசம் போதாது என்று சொல்லத் துணிகிறவர்கள் மட்டுமே, குணமாகாத நோயாளியின் விசுவாசம் போதாது என்று சொல்லலாம். கடவுள் குணமாக்குகிறார் என்பதை நான் மறுக்கவில்லை; குணமாகும்படி ஜெபிப்பது திருச்சபையின் பழைய வழக்கம். ஆனால் செழிப்பை விசுவாசத்தின் அளவுகோலாக்கும் போதனையில், சிலுவையில் தொங்கியவர் தோற்றுப்போனவராகவே இருக்க முடியும்.

2019 ஈஸ்டர் நாளில் இலங்கையில் ஆராதனையில் இருந்தவர்களே கொல்லப்பட்டார்களே, அங்கே நம்பிக்கையைப் பற்றி என்ன பேச முடியும்?

2019 ஏப்ரல் 21 அன்று, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழரும் சிங்களவரும் வெளிநாட்டவரும் அவர்களில் இருந்தார்கள். சீயோன் சபையார், ஞாயிறு பள்ளி முடித்து வந்திருந்த பிள்ளைகள் பலரைப் பறிகொடுத்தார்கள்.

அவர்களுக்கு முன் வைக்கக்கூடிய விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. சிலுவையும் விளக்கம் தருவதில்லை. கொல்லப்பட்டவர் கொல்லப்பட்டவர்களோடு இருக்கிறார் என்று மட்டும் அது சொல்கிறது. கொன்றவர்களின் செயலுக்குக் கடைசி வார்த்தை சொல்லும் உரிமை இல்லை என்று உயிர்த்தெழுதல் சொல்கிறது. குடும்பங்களை இழந்தவர்களில் சிலர் கொன்றவர்களை மன்னித்ததாக வெளிப்படையாகக் கூறினார்கள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற முதல் வார்த்தையை நாம் தியானித்ததுண்டு. அவர்கள் அதைச் செய்துகாட்டினார்கள். மன்னிக்க இன்னும் முடியாதவர்களை எவரும் அவசரப்படுத்தக் கூடாது.

மன்னிப்பு நீதியைத் தள்ளிவிடவும் இல்லை. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியது யார் என்ற கேள்வியைப் பாதிக்கப்பட்டவர்களும் இலங்கைத் திருச்சபையும் விடாமல் எழுப்பினார்கள். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி உட்படப் பொறுப்பில் இருந்தவர்கள் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குற்றத்தைக் குற்றமென்று பெயர்சொல்லி அழைக்காத மன்னிப்பு, சிலுவையிலிருந்து பிறந்த மன்னிப்பு ஆகாது.

கடலில் போய்த் திரும்பாதவர்களுக்கு, உடலே கிடைக்காதவர்களுக்கு, உயிர்த்தெழுதல் உண்டா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபின், கன்னியாகுமரி மாவட்டக் கடலோரக் கிராமங்களில் இந்தக் கேள்வி பாடப்புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை. ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர்கள் பலரின் உடல்கள் கரை சேரவே இல்லை; கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற அவர்களுடைய குடும்பத்தாருக்கு ஒரு கல்லறை இல்லை.

"சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று வெளிப்படுத்தின விசேஷம் (20:13) கூறுகிறது. மண்ணில் புதைக்கப்பட்ட உடலும் காலப்போக்கில் மண்ணாகிறது. எழுப்புகிறவருக்கு எலும்புகளின் இருப்பிடம் தடையாவதில்லை. ஆயினும் கிறிஸ்தவம் எதிர்நோக்குவது ஆன்மா மட்டும் தப்பித்துப் போவதை அன்று. உழைத்துக் காய்த்துப்போன கைகளையும், உப்புக் காற்றில் கறுத்த முகத்தையும் உடைய இந்த முழு மனிதர் புதுப்பிக்கப்படுவதை அது எதிர்நோக்குகிறது. அதோடு சர்வ சிருஷ்டியும் அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று விடுதலையாகும் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்வதால், கடலையும் நிலத்தையும் நஞ்சாக்கிவிட்டுப் பரலோகம் போவோம் என்று எண்ண நமக்கு இடமில்லை.

நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 4:13). அழவே கூடாது என்று அவர் எழுதவில்லை. லாசருவை எழுப்பப்போகிறவரே அவன் கல்லறைக்குப் போகும்போது கண்ணீர் விட்டார்.

கத்தோலிக்க ஆலயங்களில் இயேசுவின் உடலோடு கூடிய பாடுபட்ட சுரூபமும், சீர்திருத்த சபைகளில் வெறும் சிலுவையும் இருப்பது ஏன்?

அழுத்தம் மாறுபடுகிறது, விசுவாசம் ஒன்றே. சுரூபம் அவர் நமக்காகப் பட்டதை மறக்கவிடாமல் செய்கிறது. வெறும் சிலுவை அவர் அங்கே இல்லை, எழுந்துவிட்டார் என்று சொல்கிறது. முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் இரண்டையும் பெரும்பாலும் வரையவில்லை. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் மீனும் நங்கூரமும்தான் மிகுதி. நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்று எபிரெயர் நிருபம் (6:19) அழைப்பதை நினைவுகூரலாம். அந்தத் தண்டனை 4-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் ஒழிந்தபிறகே சிலுவையை வெளிப்படையாகக் காட்டுவது பரவியது. ரோமாபுரி சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில் உள்ள, ஏறத்தாழ 430-ஐச் சேர்ந்த செதுக்கல், சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் காட்டும் மிகப் பழைய உருவங்களில் ஒன்று.

நமக்கு அருகிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை பரங்கிமலையில் 1547-இல் போர்ச்சுக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையில் பகலவி என்ற பழைய பாரசீக மொழிக் கல்வெட்டு இருக்கிறது, உடல் இல்லை. சிலுவையின் முனைகள் மொட்டாக விரிகின்றன, அடியில் இலைகள் கிளைக்கின்றன, மேலே புறா இறங்குகிறது. கொலைக்கருவியைத் துளிர்க்கும் மரமாகச் செதுக்கிய அந்தப் பழைய கிழக்குக் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல முயல்வதை ஒரே கல்லில் சொல்லியிருக்கிறார்கள்.

கழுத்தில் சிலுவை அணிந்தால் பாதுகாப்பு கிடைக்குமா?

தாயத்தாக எண்ணி அணிந்தால் இல்லை. அறிக்கையாக அணிந்தால், அணிகிறவர் தம் பேச்சையும் கொடுக்கல் வாங்கலையும் அதற்குக் கீழ்ப்படுத்த வேண்டியிருக்கும்.

இதைப் பற்றி வேதத்தில் எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

மாற்கு 14 முதல் 16 வரை ஒரே அமர்வில், இடையில் நிறுத்தாமல் வாசியுங்கள். பிறகு 22-ஆம் சங்கீதத்தையும் ஏசாயா 53-ஐயும் எடுத்துக்கொண்டால், முதல் கிறிஸ்தவர்கள் தாங்கள் கண்டதை எந்தச் சொற்களால் புரிந்துகொண்டார்கள் என்பது விளங்கும். அடுத்து 1 கொரிந்தியர் 15, ரோமர் 5, ரோமர் 8. ரோமர் 5-இல் உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்ற வரிசையில் சற்று நேரம் நில்லுங்கள். அதைத் துன்பத்தின் புகழ்ச்சியாக வாசித்துவிடாமல், அடுத்த வசனத்தில் வரும் தேவ அன்போடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் 16:8-இலேயே, கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கித் திகைத்து ஓடுவதோடு முடிகின்றன. அச்சத்தோடு வாசிக்கிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.